கற்பித்தல் பயிற்சியில் நான் தோற்ற கதை

கல்வி உளவியல் தாளில் எங்கள் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் எனக்குத்தான். அதே ஆண்டு கற்பித்தல் பயிற்சியில் தேறாமல் போனதும் நான் ஒருவன்தான். "மீண்டும் செய்ய வேண்டும்" என்று பெயருக்கு நேரே எழுதி ஒட்டியிருந்தார்கள். அதனால் எனக்கு ஐந்து மாதம் போனது, இன்னொரு பருவத்துக்கான கட்டணம் போனது, ஏறக்குறைய பேசி முடித்திருந்த ஒரு வேலையும் போனது. இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஏன் தோற்றேன் என்றே தெரியாமல் அதில் இரண்டு மாதத்தைக் கோபத்திலேயே கழித்தேன். யாராவது முன்பே இதையெல்லாம் சொல்லியிருக்கலாமே என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். மதிப்பெண் கிடையாது. "கணக்கு மூளை பிறப்பிலேயே வருவது", "முதல் தடவை புரியாதது அப்புறமும் புரியாது", "பாடப் புத்தகத்தில் இருப்பதைக் கேள்வி கேட்பது வீண் வேலை" என்கிற மாதிரி வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒத்துக்கொள்கிறேன், இல்லை என்று டிக் போட வேண்டும். இந்த வகை வினாத்தாள்கள் பலவற்றுக்கு மூத்தது 1990இல் மார்லீன் ஷோமர் என்ற ஆய்வாளர் வெளியிட்டது. அதில் 63 வாக்கியங்கள். அறிவு மாறாதது, அறிவு தனித்தனித் துணுக்குகளால் ஆனது, அது மேலே இருப்பவரிடமிருந்து வருவது, கற்கும் திறன் பிறவியிலேயே அமைவது, கற்றல் நடந்தால் சட்டென்று நடக்கும் இல்லாவிட்டால் நடக்காது. இந்த ஐந்து நம்பிக்கைகளும் ஒருவரிடம் எவ்வளவு ஊறியிருக்கின்றன என்று பார்க்க நினைத்தார். ஐந்தும் சேர்ந்தேதான் வளரும் என்று இல்லை, ஒன்றில் முதிர்ந்தவர் இன்னொன்றில் பச்சைப்பிள்ளையாக இருக்கலாம் என்பது அவர் வாதம்.

நான் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். எதற்கு எந்த டிக் போட்டால் நல்ல ஆசிரியராகத் தெரிவோம் என்பது எனக்கு அத்துப்படி. பக்கத்தில் இருந்தவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் யோசித்து யோசித்து, இரண்டில் அடித்துத் திருத்தி, கடைசி ஆளாகக் கொடுத்தாள். பாவம், இதற்குக்கூடக் குழம்புகிறாளே என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அப்புறம் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஆறாம் வகுப்பு, தசம எண்கள், நாற்பது நிமிடப் பாடவேளை. பாடத்திட்டம் எழுதுவதில் நான் கெட்டிக்காரன். நோக்கம், முன்னறிவு, கருவிகள், மதிப்பீடு என்று நான்கு வண்ண மையில் எழுதியிருந்தேன். வழிகாட்டி ஆசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒரு நோட்டில் ஏதோ கோடு கோடாகப் போட்டுக்கொண்டே இருந்தார். என் குரல் கணீரென்று இருந்தது. பலகையில் எழுத்து அழகாக விழுந்தது. பிள்ளைகள் சத்தமே போடவில்லை. இதைவிட என்ன வேண்டும் என்று மிதப்பில் இருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் அவர் இரண்டே விஷயம் சொன்னார். "முப்பத்தோரு நிமிஷம் நீங்களே பேசினீங்க. கேள்வி கேட்டு முடிச்சதும் ஒரு நொடிகூட நிக்கலை, நீங்களே பதிலும் சொல்லிட்டீங்க." அந்தக் கோடுகள் நான் பொறுக்காமல் சொன்ன பதில்களின் கணக்கு. மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களிலேயே வகுப்புப் பதிவுகளைக் கேட்டு இதைத்தான் கண்டுபிடித்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடிக்கு நீட்டிய வகுப்புகளில் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது. இதை நான் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனால் அந்த அம்மா சொன்னபோது என் காதில் விழுந்தது "கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்" என்று மட்டும்தான்.

அந்த வகுப்பிலேயே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பலகையில் 0.45, 0.6 என்று எழுதி எது பெரியது என்று கேட்டேன். முன்வரிசைப் பெண் எழுந்து, "புள்ளி நாற்பத்தஞ்சுதான் சார் பெரிசு, இது வெறும் ஆறு" என்றாள். தப்பு, உட்கார் என்றேன். இரண்டு பக்கமும் இலக்கங்களைச் சமமாக்க வேண்டும், 0.6ஐ 0.60 என்று எழுது, இப்போது பார் என்று விதியைச் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்குக் கொடுத்த பத்துக் கணக்கில் அவள் ஒன்பது சரியாகப் போட்டாள். அடுத்த வாரம் அதே மாதிரி பத்துக் கொடுத்தால் மூன்று.

"அவ ஏன் நாற்பத்தஞ்சு பெரிசுன்னு சொன்னா?" என்று வழிகாட்டி கேட்டார். "கவனிக்கலை மேடம்" என்றேன். என் கண்ணில் தப்பான பதில் என்பது கவனக் குறைவு. நான் சரியாகத்தான் கொடுத்தேன், அவள் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. அறிவு என்பது ஒரு பொட்டலம், கொடுப்பதும் வாங்குவதும்தான் கற்பித்தல். இதுதான் என் நம்பிக்கை. வினாத்தாளில் இதற்கு எதிராக டிக் போட்டிருந்தேன் என்பது வேறு விஷயம். உண்மையில் அந்தப் பெண் நன்றாகக் கவனித்திருக்கிறாள். அத்தனை வருஷம் முழு எண்களில் அவள் கற்றதெல்லாம் நாற்பத்தைந்து ஆறைவிடப் பெரியது என்றுதான் சொல்கிறது. போதாததற்கு நானே பலகையில் எழுதும்போது "புள்ளி நாற்பத்தைந்து" என்றுதான் வாய்விட்டுப் படித்தேன். "புள்ளி நான்கு ஐந்து" என்று படித்திருந்தால் பாதி வினை குறைந்திருக்கும். தசமம் நடத்தப் போகிறவர்கள் இதை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொட்டல நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பயிற்சிக் கல்லூரியில் இருந்து வரவில்லை. 1975இல் டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் எழுதியது இது: ஒருவர் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், அதுவே அறியாமல் செய்த ஒரு தொழிற்பயிற்சி. வேறெந்த வேலைக்கும் இப்படி ஒரு முன்பயிற்சி இல்லை. ஆனால் மாணவன் இடத்தில் இருந்து பார்த்தால் ஆசிரியர் பேசுவதும் எழுதுவதும்தான் தெரியும். ஏன் இந்தக் கணக்கை முதலில் எடுத்தார், யாருடைய தப்பைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றினார் என்பது தெரியாது. நான் சாக்பீஸால் பலகையைத் தட்டும் விதம்கூட என் பழைய கணக்கு ஆசிரியருடையது. தட்டுவதற்கு முன்னால் அவர் என்ன யோசித்தார் என்பதை மட்டும் நான் எடுத்து வரவில்லை.

சரி, வழிகாட்டி சொல்லிவிட்டார், மாற வேண்டும் என்று கிளம்பினேன். பிள்ளைகளை நான்கு நான்கு பேராகக் குழு பிரித்தேன், அட்டை கொடுத்தேன், சுற்றி வந்தேன். பேசுவது குறைந்தது, அவ்வளவுதான். குழுவில் இருக்கும் கெட்டிக்காரப் பிள்ளை எனக்குப் பதிலாகப் பொட்டலம் கொடுத்தது. இதற்கு நடுவில் பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று மூன்றாகப் பிரித்து, ஒரே பாடத்துக்கு மூன்று விதமாகக் கருவி செய்தேன். மூன்று ராத்திரி தூக்கம் போனது. அப்படிப் பிரித்து நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இலேயே ஹெரால்ட் பாஷ்லர் என்ற உளவியலாளரும் சகாக்களும் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்த மூன்று ராத்திரியில் முப்பது நோட்டைத் திருப்பி யார் எந்தத் தப்பைச் செய்கிறார்கள் என்று பார்த்திருக்கலாம்.

மதிப்பீட்டு நாள். வெளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். நானும் தயாராக அதே 0.45, 0.6 கேள்வியைக் கேட்டேன். இந்த முறை ஒரு பையன் கை தூக்கி "புள்ளி ஆறு" என்றான். "வெரி குட்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். குழு வேலை நடக்கும்போது தேர்வாளர் அவன் பக்கத்தில் போய்க் குனிந்து, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவன் தெம்பாகச் சொன்னான்: "பத்துல ஒண்ணு பெரிய துண்டு, நூறுல ஒண்ணு சின்னத் துண்டு. அதனால புள்ளிக்கு அப்புறம் ஒரே எண் இருந்தா அது பெரிசு, ரெண்டு இருந்தா சின்னது." அவர் நோட்டில் 0.3, 0.45 என்று எழுதிக் காட்டினார். அவன் யோசிக்காமல் 0.3ஐச் சுழித்தான்.

சரியான விடை, தப்பான காரணம். அந்தப் பெண்ணுக்கு நேர் எதிர்த் திசையில் இவன் வழுக்கியிருந்தான். அவன் விடை சரியாக இருந்ததால் எனக்கு அது தெரியவே தெரியாது. தேர்வாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

முடிவு வந்ததும் வீட்டில் மூன்று வாரம் சொல்லவில்லை. தினமும் பையைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். தேர்வாளருக்கு என்னைப் பிடிக்கவில்லை, ஒரு பையன் உளறியதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று மனதுக்குள்ளேயே வழக்காடினேன். நண்பன் ஒருவன் ஆறுதல் சொல்லுகிறேன் என்று, "சிலருக்கு இந்த வேலை பிறவியிலேயே வரும், சிலருக்கு வராது, விடு" என்றான். நானும் நம்பினேன். இரண்டு நாள் வேறு வேலைக்கு விண்ணப்பம்கூட எழுதினேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. திறமை பிறவியிலேயே அமைவது என்ற வாக்கியத்துக்கு முதல் வாரம் "இல்லவே இல்லை" என்று டிக் போட்டவன் நான்தானே?

பழைய கோப்பில் அந்த வினாத்தாளின் நகல் இருந்தது. இந்த முறை வேறு விதமாகச் செய்தேன். எதை நம்புகிறேன் என்று கேட்டுக்கொள்ளாமல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே கடைசி வகுப்பில் நான் என்ன செய்தேன் என்று எழுதினேன். "மெதுவாகக் கற்பவர்களும் ஆழமாகக் கற்பார்கள்" என்பதற்கு எதிரே: முதலில் கை தூக்கிய நாலு பேரையே கேட்டேன். "தவறுகள் கற்றலின் பகுதி" என்பதற்கு எதிரே: தப்பு, உட்கார். முடித்து எழ இரண்டு மணி நேரம் ஆனது. முதல் தடவை பன்னிரண்டு நிமிடம். நீங்கள் பயிற்சியில் இருந்தால், எந்த மதிப்பீட்டுக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். தனியாகச் செய்யுங்கள், யாரிடமும் காட்ட வேண்டாம், காட்டுவதாக நினைத்தாலே கை தானாக நல்ல பதிலை எழுதும்.

இரண்டாவது, பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு உங்கள் வகுப்பை ஒலிப்பதிவு செய்யுங்கள். முழுவதையும் கேட்க வேண்டியதில்லை, நடுவில் ஒரு பத்து நிமிடத்தை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை எழுதிப் பாருங்கள். என் பத்து நிமிடத்தில் "புரியுதா?" பதினேழு தடவை. அத்தனைக்கும் பதில் "புரியுது சார்".

மூன்றாவது, ஒரு தப்பு நோட்டுப் போடுங்கள். இது என்னை உண்மையிலேயே காப்பாற்றியது. இடப்பக்கம் பிள்ளை சொன்ன விடை, அதன் சொற்களிலேயே. வலப்பக்கம், இந்த விடை சரியாக இருக்க வேண்டுமானால் அந்தப் பிள்ளையின் தலையில் என்ன விதி இருக்க வேண்டும் என்று நம் ஊகம். 0.5ம் 0.12ம் கூட்டினால் 0.17 என்று ஐந்து பேர் எழுதினால் அது ஐந்து பேரின் கவனக் குறைவு அல்ல, புள்ளிக்கு இரண்டு பக்கமும் தனித்தனி முழு எண்கள் என்ற ஒரே விதி. ஒரு வாரத்தில் பக்கங்கள் நிறைந்துவிடும். இந்த நோட்டு வந்த பிறகு தப்பான விடை வந்தால் எரிச்சலே வருவதில்லை, கொஞ்சம் ஆவல்கூட வருகிறது. அதோடு, சரியான விடைக்கும் "எப்படி?" என்று கேளுங்கள். தப்புக்கு மட்டும் கேட்டால், கேட்டாலே தப்பு என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் மறுமுறைப் பயிற்சியின் முதல் இரண்டு வாரத்தை இன்னொரு விதமாகக் கெடுத்தேன். பொட்டலம் கொடுக்கக் கூடாது என்று பயந்து எதையுமே சொல்லாமல் இருந்தேன். யார் எதைச் சொன்னாலும் "நல்லா யோசிச்சிருக்க", "இது உன் கருத்து, அது அவள் கருத்து". ஒரு பையன் கடுப்பாகி, "சார், கடைசில எதுதான் சரி?" என்றான். "நீ என்ன நினைக்கிற?" என்றேன். அவன் முகத்தை மறக்க முடியாது. வில்லியம் பெரி என்ற கல்வி உளவியலாளர் ஹார்வர்டு மாணவர்களோடு வருடக்கணக்காகப் பேசி 1970இல் எழுதிய புத்தகத்தில் இந்தக் கட்டம் வருகிறது. சரி, தப்பு என்று இரண்டே பெட்டி வைத்திருந்தவர்கள், அது உடைந்ததும் எல்லாமே அவரவர் கருத்து என்ற இடத்துக்கு வருகிறார்கள். பலர் இதையே முதிர்ச்சி என்று நினைத்து அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு. டியானா குன் என்ற உளவியலாளர் சொல்வதும் இதுதான்: அறிவு முழுக்க வெளியில் இருக்கிறது என்பது ஒரு நிலை, முழுக்க அவரவர் மனசில் என்பது இன்னொன்று, இரண்டையும் தாண்டி ஆதாரத்தை எடைபோட்டு இது அதைவிட மேல் என்று சொல்வது மூன்றாவது. 0.3 பெரிதா 0.45 பெரிதா என்பது கருத்து அல்ல. ஆனால் நான் சொன்னதால் அது சரியாகிவிடவும் இல்லை. எண் கோட்டை வரைந்து, 0.4க்கும் 0.5க்கும் நடுவைப் பத்தாகப் பிரித்து, 0.45 எங்கே உட்காரும் என்று அவர்களே குறித்தால் அங்கே தெரிகிறது. அறிவு பற்றிய நம்பிக்கைகளை நான்காக வகுத்த பார்பரா ஹோஃபர், பால் பின்ட்ரிச் இருவரின் 1997 கட்டுரையில் கடைசியாக வருவது இந்த "எதனால் தெரியும்?" என்பதுதான். எனக்கு அது கடைசியாகத்தான் புரிந்தது.

இன்னொன்று, எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். புள்ளியை எங்கே வைப்பது, அதை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் மனிதர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். யோசித்துக் கண்டுபிடிக்க அதில் ஒன்றும் இல்லை, நேராகச் சொல்லிவிடலாம். எதைச் சொல்வது, எதைக் கேட்பது என்று பாடத்திட்டத்தில் முன்பே இரண்டு நிறத்தில் குறித்தேன். நான்கு வண்ண மையில் இரண்டுக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது.

அலுவல் விஷயமாக ஒரு வார்த்தை: மதிப்பீட்டுப் படிவத்தை முதல் நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள். நான் தோற்ற பிறகுதான் படித்தேன். "மாணவரின் சிந்தனையை வெளிக்கொணர்தல்" என்று அதில் தனியாக ஒரு வரியே இருந்தது, கையெழுத்துக்கு ஒன்றும் இல்லை. அதேபோல வழிகாட்டியை வகுப்பைப் பார்க்கக் கூப்பிடும்போது, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்காமல், "கேள்விக்கு அப்புறம் எத்தனை நொடி நிற்கிறேன்னு மட்டும் எண்ணுங்க" என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அது கைக்கு வந்ததும் அடுத்தது. காத்திருப்பது எனக்குக் கைவர ஐந்து வாரம் ஆனது. மூன்று நொடி மௌனம் வகுப்பு முன்னால் நிற்கும்போது மூன்று நிமிடமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளலாம், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விரலை மடக்குவேன்.

மறுமதிப்பீட்டுக்கு வேறு தேர்வாளர் வந்தார். பாடம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது 0.6க்கும் 0.7க்கும் நடுவில் எத்தனை எண் இருக்கிறது என்று கேட்டுவிட்டு விரலை மடக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. "ஒண்ணும் இல்லை சார், ஆறுக்கு அப்புறம் ஏழு." சரி தப்பு சொல்லவில்லை, எப்படி என்று மட்டும் கேட்டேன். பக்கத்துப் பெஞ்சு எழுந்தது: "இல்ல, ஒன்பது இருக்கு. புள்ளி ஆறு ஒண்ணு, ஆறு ரெண்டுன்னு போகும்." அவள் பலகைக்கே வந்து கோட்டில் ஒன்பதையும் குறித்தாள். வாய் திறக்காத பையன் ஒருவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "அந்த ஒவ்வொண்ணுக்கு நடுவுலயும் பிரிக்கலாம்ல? தொண்ணூத்தொன்பது வரும்" என்றான். பின்னாலிருந்து யாரோ, "அப்போ அதையும் பிரிச்சா?" என்றார்கள். தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.